இடது கைக்கு ஒரு ஹெலிகாப்டர்

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐம்பது பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு இடது கையால் எடுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். முப்பத்தொன்று தரையில் உருண்டு ஓடியது. பிசியோதெரபி பெண் கைதட்டி, "சூப்பர்மா! நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு முன்னேற்றம்!" என்றாள். பால்பல் முளைக்கிற குழந்தையிடம் பேசுகிற குரல். இருபத்தேழு வருஷமாகப் பாளையங்கோட்டையில் பல் டாக்டராக இருப்பவளுக்கு இந்தக் குரல்! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பட்டாணியைத் தவிர வேறு வழியே கிடையாதா என்று கேட்டேன். இரண்டு கட்டைவிரலுக்கும் தனித்தனியாக வேலை கொடுக்கிற எதுவானாலும் நல்லதுதான், வீடியோ கேம்கூட விளையாடலாம் என்றாள். ஐம்பத்துமூன்று வயதில் திரையில் எவனையோ சுட்டுத்தள்ள வேண்டும், அதுதான் பாக்கி.

சாயங்காலம் ஞானதுரை போனை நீட்டினார். என் கணவர், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், இப்போது எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கிறார். ரிமோட்டில் ஓட்டுகிற ஹெலிகாப்டர். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். வலது குச்சி முன்னே பின்னே பக்கவாட்டில் நகர்த்தும். இடது குச்சிதான் ஏற்றும், இறக்கும், திருப்பும். இடது கட்டைவிரலில் பிடிமானம் இல்லை என்றால் விழுந்துவிடும். "சூப்பர்மா" என்று சொல்லாது. அது பிடித்திருந்தது.

மே 5-ஆம் தேதி திங்கட்கிழமை கிளினிக்குக்குத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரு முழு நிமிஷம் அந்தரத்தில் நிறுத்திவிட்டால் கை தேறிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் தேறவில்லை. எனக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம் இது.

ஏப்ரல் 9, புதன்

முதல் ஹெலிகாப்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று போனில் வீடியோ தேடினால் ஊரில் உள்ள வெட்டிப்பயல்கள் அத்தனை பேரும் தொப்பி மாட்டிக்கொண்டு வந்து கத்துகிறார்கள். ஒருவன் சொல்கிறான், மேலும் கீழுமாக இரண்டு காற்றாடி வைத்ததை வாங்கு, அது சாதுவானது என்று. அடுத்தவன் சொல்கிறான், அதை வாங்கினால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாய், ஒற்றைக் காற்றாடிதான் நிஜம் என்று. மூன்றாமவன் ஆளுயரத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, இதன் இறக்கை பட்டால் விரல் போய்விடும் என்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். கீழ்வரிசை முழுக்கக் காவி. சிரிக்கும் முன் கண்ணாடி பார்க்கிற வழக்கமே இல்லை போலிருக்கிறது.

மூன்று மணி நேரம் பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் 10, வியாழன்

கண்டக்டர் சுடலைமணி வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய். நான் உள்ளே படுத்திருப்பதாகச் சொல்லச் சொன்னேன். ஞானதுரைக்குப் பொய் சொல்ல வராது. "உள்ளதான் இருக்கா, வாங்க" என்று கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார்.

சுடலைமணிக்கு ஒரு கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் பாதியில் நிற்கிறது. மார்ச் மாதம் அந்த வேலையின்போது டிரில் பட்டு நாக்கு கிழிந்துவிட்டது. ஐந்து தையல். இப்போது ஆறிவிட்டது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது.

"மன்னிச்சிருங்க டாக்டரம்மா. நான் நாக்க ஆட்டப்போயிதான் ஒங்களுக்கும் மனசங்கடம். அதான் லீவுல இருக்கியன்னு கேள்விப்பட்டேன்."

"அதெல்லாம் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை."

"கிளினிக்குல ஒரு புது டாக்டரு இருக்காவளாம். நான் போக மாட்டேன். ஒங்க கையிலதான் முடிக்கணும். அஞ்சாம் தேதி வாரேன்."

அவர் போன பிறகு முருங்கைக்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு முருங்கைக்காய் பிடிக்காது. வாயில் போட்டு மென்று துப்புகிற எதுவும் பிடிக்காது.

நாக்கை ஆட்டியது அவர்தான். அன்றைக்கே அப்படித்தான் சொன்னேன். இதோடு இவர் மன்னிப்புக் கேட்பது மூன்றாவது தடவை. ஒரு மனிதனுக்கு ஒரு தடவை கேட்டால் போதாதா?

ஏப்ரல் 12, சனி

ஜங்ஷன் பக்கம் நாகூர்கனி என்பவரின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அறுபது வயதிருக்கும். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே பேசினார். ஈறு இரண்டும் பின்வாங்கி, பல்லின் வேர் வெளியே தெரிகிறது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி பேச்சு காதில் விழவில்லை.

"பேரனுக்காம்மா?"

"எனக்கு."

வெற்றிலையை விழுங்கிவிட்டாரோ என்று பயந்தேன். பிறகு ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்தார். "அப்ப இதக் கொண்டு போங்க. புதுசாப் பழகுதவங்களுக்குன்னே வந்தது. ஏத்தி விட்டுட்டா எடது கைய எடுத்துரலாம். அதுவா அதே ஒசரத்துல நிக்கும். உள்ள என்னமோ சென்சார் வச்சிருக்கான்."

இடது கையை எடுத்துவிடுவதற்கா நான் இவ்வளவு தூரம் வெயிலில் வந்தேன்? சோம்பேறிகளுக்காகச் சோம்பேறிகள் செய்த பொம்மை. அந்தச் சென்சார் இழவு இல்லாதது வேண்டும் என்றேன். பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினார். ஒற்றைக் காற்றாடி, மஞ்சள் நிறம், முழங்கை நீளம்.

"எடுத்த எடுப்புலயே இது வேண்டாம்மா. ரொம்ப முரண்டு பிடிக்கும். எல்லாத்தையும் நீங்கதான் பிடிக்கணும். ஒரு நிமிசம் அசந்தா கீழ கெடக்கும்."

"அதுதான் வேண்டும்" என்றேன். உதிரி இறக்கை ஒரு பாக்கெட்டைச் சும்மாவே போட்டுக் கொடுத்தார். நான் உடைப்பேன் என்று அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பும் அதுவுமாகப் பாளையங்கோட்டை வெயிலில், ஜன்னல்களை அடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுக் கூடத்தில் நிற்கிறேன். ஃபேன் காற்றில் இந்தச் சனியன் பறக்காது. முதுகில் வேர்வை ஓடுகிறது. ஞானதுரை செய்தித்தாளால் விசிறிக்கொண்டார், அதையும் நிறுத்தச் சொன்னேன். அரை மணி நேரம் சார்ஜ் போட்டால் ஏழு நிமிஷம் பறக்குமாம். எனக்கு ஏழு நொடிகூட இல்லை.

ஒரு வேடிக்கை. ஹெலிகாப்டர் நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகும், வலது இடதாகும், புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் இதில்தான் குழம்பிப் போவார்களாம். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. மேல்வரிசைப் பல்லை நேராகப் பார்த்தா வேலை செய்கிறோம்? வாய்க்குள் கண்ணாடியைப் பிடித்து, அதில் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துத்தான் டிரில் பிடிக்கிறோம். வலது கைக்கு இது பழைய பாடம். அழகாகச் செய்தது.

இடது விரல்தான் குச்சியை மெல்லத் தள்ளு என்றால் முழுக்கத் தள்ளுகிறது, நிறுத்து என்றால் யோசிக்கிறது. ஹெலிகாப்டர் உத்தரத்தில் மோதி, பெரியப்பா படத்தில் மோதி, தரையில் விழுந்தது.

வருகிறவர்கள் எல்லாம் "வலது கை நல்லாத்தானே இருக்கு, எடது கை தான்" என்கிறார்கள். மடையர்கள். வலது கை குடைகிறது, அவ்வளவுதான். கண்ணாடியால் நாக்கை ஒதுக்கிப் பிடித்துக் காவல் காப்பது இடது கை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று நொடி. இரண்டு இறக்கை காலி.

ஏப்ரல் 16, புதன்

நரம்பு டாக்டரிடம் போனேன். கையை நீட்டு, மூடு, மூக்கைத் தொடு. "ஆறு மாதமாவது ஆகும். அதற்கு மேலும் முழுசாக வருமென்று சொல்ல முடியாது" என்றார். பிப்ரவரியில் என்ன வந்தது என்பதை அவர் ஒரு வார்த்தையில் சொல்கிறார். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. சின்ன அடைப்பு. அவ்வளவுதான்.

"வந்த இரண்டு வாரத்திலேயே வேலைக்குப் போய்விடவில்லையே?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஞானதுரை சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பிரசங்கம். நான்காமவர் மைக்கை விடுவதாக இல்லை. முன் வரிசையில் ஒருத்தி வாயைத் திறந்து தூங்கினாள், இரண்டு வெள்ளி அடைப்பு, இரண்டும் நான் வைத்ததுதான், நன்றாக நிற்கிறது. பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோரும் சேர்ந்து பொதுவாகச் சொல்கிறோம், அது எவ்வளவு வசதி. யார் எதைச் செய்தார் என்று பெயர் வராது.

வீட்டுக்கு வந்து பறக்கவிட்டேன். பெரிய வெள்ளியன்றா என்று ஞானதுரை முகம் சுளித்தார். நான்கு நொடி.

ஏப்ரல் 22, செவ்வாய்

மஞ்சள் ஹெலிகாப்டரின் வால் முறிந்துவிட்டது. பசை போட்டு ஒட்டினேன், பெட்டியில் வைத்துவிட்டேன். மட்டமான பிளாஸ்டிக். இதில் யார் பழக முடியும்?

தனியாக ஆட்டோவில் ஜங்ஷன் போய் வந்தேன். ஞானதுரையிடம் மருந்து வாங்கப் போனதாகச் சொன்னேன். மருந்தும் வாங்கினேன்.

புதிய ஹெலிகாப்டர் நன்றாக இருக்கிறது. சிவப்பு நிறம்.

ஏப்ரல் 23, புதன்

இருபத்தெட்டு நொடி!

ஏப்ரல் 25, வெள்ளி

நாற்பது நொடி. மேசைக்கு மேலே, கண் உயரத்தில், ஆடாமல் நின்றது. முதல் சாதனத்தில்தான் கோளாறு என்று இப்போது தெரிகிறது. பிசியோதெரபி பெண்ணை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டாணியைக் குருமாவில் போட்டோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடி. ஞானதுரையே கடிகாரத்தைப் பிடித்து எண்ணினார். "பரவாயில்லையே ஹெப்சி" என்றார். என் பெயர் ஹெப்சிபா. சந்தோஷமானால்தான் பாதியாகச் சுருக்குவார். பிறகு, "இதுல எடது குச்சிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். செடி கொடியைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுங்கள், இதில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்றேன். அவர் எழுந்து போய் ஃபேனைப் போட்டார். ஹெலிகாப்டர் சுவரில் மோதியது. வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியவில்லை.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒரு நிமிஷம் என்றேன், அதற்கு மேலேயே நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிளினிக்குக்குப் போன் செய்தேன். புது டாக்டர் நிலோஃபர் எடுத்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் போனில், "வணக்கம், நான் எப்படி உதவட்டும்?" என்கிறாள். பல் வலியோடு கூப்பிடுகிறவனிடம் என்ன நாடகப் பேச்சு இது. வரவேற்பறையில் சிரிக்கிற வெள்ளைக்காரியின் படம் ஒன்றை வேறு மாட்டியிருக்கிறாளாம். திங்கட்கிழமை நான் வருகிறேன், முதல் ஆள் சுடலைமணி, கடைவாய்ப் பல், எல்லாம் தயாராக இருக்கட்டும் என்றேன்.

"உங்க கை சரியாயிடுச்சா மேம்?"

நேற்று முளைத்தவள் என் கையைப் பற்றிக் கேட்கிறாள்.

மே 3, சனி

சந்தனமாரி வந்தாள். இருபத்திரண்டு வருஷமாக என் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறவள். திங்கட்கிழமைக்கு என்னென்ன கழுவி வைக்க வேண்டும் என்று கேட்க வந்ததாகச் சொன்னாள். அதைப் போனிலேயே கேட்டிருக்கலாம்.

காபி கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, சிவப்பு ஹெலிகாப்டரை ஏற்றினேன். கூடத்தின் நடுவில் கச்சிதமாக நின்றது. ஒரு நிமிஷம் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. இவளாவது வாயைப் பிளப்பாள் என்று பார்த்தேன்.

"நல்லாத்தான் நிக்கு" என்றாள்.

"பின்னே? மூன்று வாரப் பயிற்சி."

"எடது வெரல எடுங்க பாப்போம்."

"எதுக்கு?"

"சும்மா எடுங்க டாக்டரம்மா."

எடுக்கவில்லை. அவளே வந்து என் இடது கட்டைவிரலைப் பிடித்துக் குச்சியிலிருந்து தூக்கினாள். ஹெலிகாப்டர் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. சீராக, சந்தோஷமாக இரைந்துகொண்டு.

"நான் அதப் பாக்கவே இல்ல" என்றாள் சந்தனமாரி. "ஒங்க வெரலத்தான் பாத்தேன். இருபத்திரண்டு வருசமா ஒங்க கையப் பாத்துதான சாமான் எடுத்துக் குடுக்கேன். எடது வெரலு ஒரு தடவகூட அசையல."

"வாயை மூடு."

"மூடிட்டுத்தான இருந்தேன். மார்ச்சுலயும் கை சரியாயிட்டுன்னுதான் சொன்னிய. கண்ணாடி வழுக்குனத நான் பாத்தேன். அந்த மனுசன் நாக்க ஆட்டல. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரு என்னன்னா முருங்கக்காயத் தூக்கிட்டு அலையுதாரு. எனக்குப் பாக்கச் சகிக்கல டாக்டரம்மா."

வெளியே போ என்று கத்தினேன். காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். பேட்டரி தீர்ந்த பிறகுதான் ஹெலிகாப்டர் இறங்கியது, அதுவும் மெதுவாக, அலுங்காமல். பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

மே 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வால் ஒட்டிய மஞ்சள் ஹெலிகாப்டரை எடுத்தேன். பதினோரு தடவை ஏற்றினேன். அதிகபட்சம் நான்கு நொடி.

சிவப்பில் இடது கைக்கு வேலை இல்லை என்பது வாங்கும்போதே எனக்குத் தெரியும். அதற்காகவேதான் வாங்கினேன். இருபத்தேழு வருஷமாக ஊர்க்காரர்களின் வாய்நாற்றத்தை முகம் சுளிக்காமல் முகர்ந்தவள் நான். இன்றைக்கு என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

ஞானதுரை உடைந்த இறக்கைகளைப் பொறுக்கிக் கூட்டிவிட்டு, ஃபேனைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

மே 5, திங்கள்

எட்டரைக்கே போய்விட்டேன். நிலோஃபர் ஒரு கிழவருக்குப் பல் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்று அவளுடைய இடது கையை மட்டும் பார்த்தேன். தாடையைத் தாங்கி, நாக்கைக் கண்ணாடியால் ஒதுக்கி, கிழவர் முனகும்போதும் அந்தக் கை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கடைசிவரை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஒன்பதுக்குச் சுடலைமணி வந்தார். காக்கிச் சட்டை, வேலைக்குப் போகிற வழி. நாற்காலியில் சாய்ந்தார். நான் விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டார். நாக்கின் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தழும்பு. சந்தனமாரி தட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"வாயை மூடுங்க சுடலைமணி. ஒரு விஷயம் சொல்லணும்."

மூடினார்.

"மார்ச்சுல நீங்க நாக்கை ஆட்டல. என் இடது கைதான் வழுக்கிச்சு. பிப்ரவரியில எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. சரியாகிறதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துட்டேன். ஒங்க நாக்கைக் கிழிச்சதும் நான்தான், பழியை ஒங்க மேல போட்டதும் நான்தான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"நான் மூணு மட்டம் மன்னிப்புக் கேட்டேனே."

"ஆமா."

"எங்க வீட்டுல அவ என்ன ஏச்சு ஏசுனா தெரியுமா? டாக்டரம்மா வேல செய்யும்போது நாக்க வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா, அந்த அம்மாவுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டியே மனுசான்னு. ஒரு மாசம் விசில் ஊத முடியல. டிரைவர்ட்ட கையத் தட்டித் தட்டித்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன். பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் சிரிச்சான்."

"தெரியும்" என்றேன். தெரியாது. இப்போதுதான் தெரியும்.

எழுந்து போவார் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டட்டும், காறித் துப்பட்டும், போலீசுக்குப் போகட்டும் என்று ஆசையாகவே இருந்தது. அவர் கன்னத்தைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"சரி, போட்டும். நேத்து ராவெல்லாம் பல்லு வலி. இன்னைக்காவது பாத்துச் செய்யுங்க."

மறுபடியும் வாயைத் திறந்தார்.

அழுதுவிட்டேன். கிளினிக்கில் நான் அழுது ஒருவரும் பார்த்ததில்லை. முகக்கவசம் இருந்ததால் சந்தனமாரிக்கு மட்டும்தான் தெரிந்தது. தட்டை வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், இடது முழங்கையை.

"நான் செய்யப் போறதில்ல. இனிமே நான் யாருக்கும் செய்யப் போறதில்ல. டாக்டர் நிலோஃபர் செய்வாங்க."

அவர் தலையைத் திருப்பி, கதவருகே வந்து நின்ற அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவிய கை நல்லாருக்குமா?"

"நல்லாருக்கும். நான் பாத்தேன்."

"நீங்க சொன்னா சரிதான் டாக்டரம்மா" என்றார் சுடலைமணி.